மவுண்ட் ரோட்டில் ஒரு சஹன்

மாமனாரையும் பெண்டாட்டியையும் ஊரிலிருந்து வரவழைத்துவிட்டு, வீட்டுக்குக் கூப்பிடாமல் ஓட்டலுக்குக் கூப்பிட்டவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஷம்சுல் ஆலம் அப்படித்தான் கூப்பிட்டான். என் தங்கை ஷம்சாத்தின் புருஷன். அவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஐம்பத்தாறில் கல்யாணம். மெட்ராஸுக்குக் கூட்டிப் போனவன், வருஷம் திரும்புவதற்குள் நோன்புப் பெருநாளைக்கு என்று கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து விட்டான். வேறு வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போவதாகச் சொன்னான். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவ்வளவு பெரிய பட்டணத்தில் இரண்டு வருஷமாகவா ஒரு வீடு காலியில்லை? தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், “என்ன ஷம்சாத், மாப்பிள்ளை இன்னும் வரலையா?” என்று கேட்டுக் கேட்டு, அவள் மார்க்கெட்டுப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

அவனுக்குத் தோல் ஏற்றுமதி செய்யும் வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை. பதனிட்ட தோல் கப்பலேறி இத்தாலிக்குப் போகிறதாம். அங்கே செருப்பாகிறதாம். அந்த ஊர்க்காரர்களோடு பழகிப் பழகி அவனுக்கு நம் ஊர் கசந்துவிட்டது. வாப்பாவின் தம்பி அப்துல் சுபஹான், எங்கள் சாச்சா, மிளகாய் வத்தல் லாரியோடு மெட்ராஸுக்குப் போய்வருகிறவர். ஒருமுறை நேரே அவன் ஆபீஸுக்கே போய்க் கேட்டுவிட்டார். அதற்கு அவன், “அவளை நாலு பேர் மத்தியில் கூட்டிட்டுப் போக முடியலை. ஒரு முள்கரண்டி பிடிக்கத் தெரியலை” என்றானாம்.

இதைக் கேட்டு நான் கயத்தாற்றிலிருந்து கிளம்பி வந்தேன். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. உம்மா வீட்டு அடுப்படியில் ஷம்சாத் ஒரு தட்டில் அவித்த சேமியாவை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் இரவல் வாங்கிய முள்கரண்டியால் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே கத்தினேன்.

“ஏட்டி, வெக்கமா இல்லையா உனக்கு? அதைத் தூக்கிக் கெணத்துல போடு.”

அவள் தலை நிமிரவில்லை. “உனக்கென்ன லாத்தா, நீ உன் மாப்பிள்ளையோட இருக்கே.”

அவளுக்கு அவன் வேண்டும். எனக்கு அவன் மூஞ்சியைக் கண்டால் ஆகாது. ஆனால் வாழப் போகிறவள் அவள்தானே.

பிறகுதான் அந்தச் சேதி வந்தது. சாச்சாவிடம் அவனே சொல்லி அனுப்பியிருந்தான். எல்லோரும் ஒருமுறை மெட்ராஸுக்கு வரட்டும், ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிட்டபடியே பேசிக்கொள்ளலாம் என்று. வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டிப் போகத்தான் கூப்பிடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டார்.

வாப்பா அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. ஜாபர் அலி மண்டி என்றால் கோவில்பட்டியில் உளுந்துக்கும் வத்தலுக்கும் மட்டும் பேர் இல்லை. ஜமாத்தில் எந்தப் பிணக்கு வந்தாலும் வாப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சு முடிந்ததும் வாப்பா நெய்ச்சோறு ஆக்கச் சொல்லி, ஒரு சஹனில் போட்டு, சண்டைபோட்ட இரண்டு பேரையும் அதைச் சுற்றி உட்காரவைப்பார். சஹன் என்பது நாலு பேர் சேர்ந்து உண்கிற பெரிய தட்டு. அதில் கை வைத்துவிட்டால் பகை முடிந்தது, பழைய பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. வரமாட்டேன் என்று எழுந்து போனால் உறவை அறுத்துக்கொண்டதாக அர்த்தம். அப்படி எழுந்து போனவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை.

உம்மாவுக்கு முட்டுவலி, ரயிலேற முடியாது. துணைக்கு நான் போவதென்று ஆனது. புறப்படும்போது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குல்ஷன், உன் வாயி எனக்குத் தெரியும். அங்கன போயி நீ ஒரு வார்த்தை பேசினாலும் அவ வாழ்வு போயிரும். சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அந்தச் சத்தியத்தால் அன்று என் நாக்கு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மண்ணடியில் சாச்சாவுக்குத் தெரிந்த கடையின் மாடியில் தங்கினோம். அவன் வந்து கூட்டிப் போவான் என்று வாப்பா காலையிலிருந்தே குளித்து, வெள்ளை ஜிப்பாவும் தொப்பியும் போட்டு, தோளில் புதுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஓலைக்கூடை கடம்பூர் போளி. மாப்பிள்ளைக்குப் பிடிக்குமென்று ஆளனுப்பி வாங்கியது. மதியத்துக்கு ஆபீஸ் பியூன் ஒருத்தன் வந்து, சார் நேரே ஓட்டலுக்கு வந்துவிடுவார், நீங்களும் அங்கே வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். ஜட்கா பிடித்து மவுண்ட் ரோட்டில் இறங்கினோம்.

‘காசா ரோசா’ என்று பெயர். இத்தாலிக்காரர் நடத்துகிற ஓட்டல். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய காவல்காரன், வாப்பாவைக் கையால் மறித்தே விட்டான். மண்டிக்கு வருகிற வியாபாரிகள் எழுந்து நின்று சலாம் சொல்கிற மனிதரை! அவர் கூடையும் கையுமாக வெயிலில் நின்றார். உள்ளிருந்து ஷம்சுல் ஆலம் விறுவிறுவென்று வந்தான். சாம்பல் நிறக் கோட்டும் டையும். சலாம் சொன்னான், அவ்வளவுதான். கையைக்கூடப் பிடிக்கவில்லை.

“மாமா, அந்தத் துண்டை மட்டும் எடுத்துடுங்க. இங்கே அதெல்லாம் நல்லா இருக்காது. அது என்ன கூடை?”

“போளி மாப்பிள்ளை. கடம்பூருக்கு ஆளு விட்டு வாங்கினது.”

“உள்ளே கொண்டுவர முடியாது. இவன்கிட்டே குடுத்துட்டு வாங்க.”

இங்கன, அங்கன என்று பேசி வளர்ந்தவன் இரண்டு வருஷத்தில் ரேடியோ மாதிரி பேசுகிறான். வாப்பா துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். போளிக்கூடைகள் காவல்காரன் செருப்பு கிடக்கிற மூலைக்குப் போயின. அவன் ஷம்சாத்தின் பக்கம் திரும்பி, “அந்தத் துப்பட்டியைத் தலையிலிருந்து எடு” என்றான். அவள் தோள்வரைக்கும் இறக்கினாள். நான் என்னுடையதை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை. மேஜைக்கு மேஜை கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு. ஒவ்வொருவர் முன்னாலும் கத்தியும் கரண்டியும் ஒரு கடையே பரப்பியிருந்தது. பக்கத்து மேஜைகளில் வெள்ளைக்காரர்களும் கோட்டுப்போட்ட நம்மவர்களும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். சத்தமாகப் பேசினால் அங்கே குற்றம் போலிருக்கிறது. வாப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “அருமையான எடம் மாப்பிள்ளை” என்றார். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

முதலில் சூப்பு வந்தது. ஷம்சாத் கரண்டியைச் சரியாக எடுத்தாள். சத்தமில்லாமல், சிந்தாமல், கிண்ணத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்துக் குடித்தாள். அவன் தன் சூப்பை விட்டுவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“பரவாயில்லையே” என்றான்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு கட்டியவளைப் பார்த்து அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உடம்பு எப்படி இருக்கிறது, என்ன செய்துகொண்டிருந்தாய், ஒன்றும் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்கே என் தங்கை முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்து வாப்பாவும் சிரித்தார். நான் மேஜைக்கடியில் வாப்பாவின் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவியும் வந்தார்கள். ஷம்சுல் ஆலம் தூக்கிவாரிப்போட்ட மாதிரி எழுந்து நின்றான். அவன் கம்பெனித் துரை. எங்களுக்கு அடுத்த மேஜைதான் அவர்களுக்கு. துரை எங்களைப் பார்த்துச் சிரித்து, யார் என்று இங்கிலீஷில் கேட்டார். இவன் சிரித்தபடி பதில் சொன்னான்.

ஷம்சாத்தும் நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர்கள், அவ்வளவு இங்கிலீஷ் எங்களுக்குப் புரியும். ‘பீப்பிள் ஃப்ரம் மை வில்லேஜ்’ என்றான். ஊர்க்காரர்கள். மாமனார் இல்லை, பெண்டாட்டி இல்லை. ‘ஒய்ஃப்’ என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். அது வரவே இல்லை. துரை தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

“துரை என்ன கேட்டாவ?” என்றார் வாப்பா ஆசையாக.

“சும்மா விசாரிச்சார் மாமா.”

ஷம்சாத்தைப் பார்த்தேன். அவள் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி அதில் அப்படியே கிடந்தது. உம்மாவின் கை இன்னும் என் கையைப் பிடித்திருப்பதுபோல ஒரு நினைப்பு. அந்த நினைப்பு மட்டும் இல்லாவிட்டால் அந்தச் சூப்பு அன்று அவன் கோட்டில்தான்.

பரிமாறுகிற பேரர் வந்து கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் கையில் ஒரு பெரிய வட்டத் தட்டு. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்து மேஜைக்கு நட்டநடுவில் வைத்தான். ஆவி பறக்கிற மக்ரோனி, மேலே சிவக்கச் சிவக்கத் தக்காளிக் குழம்பு, அதற்கு மேல் உருகின சீஸ். அதிலிருந்து எடுத்து ஒவ்வொருவர் தட்டிலும் போட வேண்டிய பெரிய கரண்டிகளைக் கொண்டுவர அவன் உள்ளே போனான்.

வாப்பா அந்தத் தட்டைப் பார்த்தார். நாலு பேர். நடுவில் ஒரு தட்டு. அவர் கண் கலங்கிவிட்டது.

“இது ஹலால்தானே மாப்பிள்ளை?”

“கறியே கிடையாது மாமா. கோதுமை மாவு, தக்காளி, பால்கட்டி. அவ்வளவுதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் வாப்பா. “மெட்ராஸுல இருந்தாலும் நம்ம வழக்கத்தை விடலையே நீங்க. சஹனே வெச்சிட்டீங்க. நான் என்னென்னமோ நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஏட்டி ஷம்சாத், இங்கன நெருங்கி உக்காரு. மாப்பிள்ளை, உங்க பக்கம் இது. எம் பக்கம் இது.”

தட்டின் நாலு பக்கத்தையும் விரலால் காட்டினார். சஹனில் அவரவர்க்கு முன்னால் இருப்பதுதான் அவரவர் பங்கு. பக்கத்து ஆள் எழுந்து போனாலும் அவர் பக்கத்தில் கை வைக்க மாட்டார்கள். இது எங்கள் வீடுகளில் நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். வாப்பா தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்துக் கழுவினார். பிஸ்மில்லா சொல்லி, தன் பக்கத்தில் கை வைத்து, முதல் வாய் எடுத்தார். எடுத்துவிட்டு, கையைத் தட்டிலேயே வைத்தபடி மருமகனைப் பார்த்துக் காத்திருந்தார்.

ஷம்சுல் ஆலத்தின் முகம் செத்துப்போனது. அவன் பார்த்தது வாப்பாவை இல்லை, அடுத்த மேஜையை. துரையின் மனைவி கரண்டியை வாய்க்குப் பாதியில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கக்கூட இல்லை. என்ன என்று பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கே இவனுக்கு உயிர் போய்விட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

“கையை எடுங்க” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. “அது பரிமாறுற தட்டு. காட்டுமிராண்டி மாதிரி கையை விட்டுக்கிட்டு. எடுங்க மாமா.”

“மாப்பிள்ளை, ஒரு சஹன்ல…”

“எந்தச் சஹனும் கிடையாது. உங்க கூட ஒரே தட்டில் நான் சாப்பிட மாட்டேன்.”

எத்தனையோ பேர் பகையைத் தீர்த்துவைத்தவர் வாப்பா. அவரிடம் இப்படி ஒருத்தன் சொன்னது அதுதான் முதல் தடவை. கை தட்டிலேயே நின்றது. பிறகு மெதுவாக இழுத்து, குழம்பு ஒட்டிய விரலோடு மேஜை விரிப்புக்கு அடியில் மறைத்துக்கொண்டார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி மறைத்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவன் ஷம்சாத்திடம் குனிந்தான். குரலை மாற்றிக்கொண்டான்.

“உன் மேலே குறை இல்லை. நீ நல்லா நடந்துக்கிட்டே. எழுந்திரு. டாக்சி பிடிக்கிறேன். இப்பவே நம்ம வீட்டுக்குப் போயிடலாம். அவங்க ஊருக்குப் போகட்டும். நீ மட்டும் வா.”

நம்ம வீடு. இரண்டு வருஷமாக அவள் எந்த வார்த்தைக்காகச் சேமியாவைச் சுற்றிக்கொண்டிருந்தாளோ அந்த வார்த்தை. இப்போது எழுந்தால் அவளுக்குப் புருஷன் உண்டு, வீடு உண்டு, தெருவில் கேட்கிறவர்களுக்குப் பதில் உண்டு. எழாவிட்டால் ஒன்றும் இல்லை.

“போ தாயி” என்றார் வாப்பா. அவர்தான் சொன்னார்! “மாப்பிள்ளை கூப்பிடுதாவல்லா, போ. நானும் லாத்தாவும் ரயிலுக்குப் போயிக்கிடுதோம்.”

பெற்றவர் என்றும் பாராமல் அவரைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது எனக்கு. அவனைவிட அந்த நிமிஷம் வாப்பா மேல்தான் எனக்குக் கோபம். சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன். ஷம்சாத் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

“மொதல்ல உக்காருங்க” என்றாள் அவனிடம். குரல் உயரவில்லை. “வாப்பா சஹன்ல உங்களைக் கூப்பிட்டிருக்காவ. ஒரு வாய் எடுங்க. கையால எடுக்க வேண்டாம், உங்க முள்கரண்டியாலேயே எடுங்க. பெறகு நீங்க சொல்லுத எடத்துக்கெல்லாம் வாரேன். நீங்க சொல்லுத மாதிரியே இருக்கேன். யாருன்னு கேட்டா ஊர்க்காரின்னே சொல்லிக்கிடுங்க, அதையும் பொறுத்துக்கிடுதேன். இப்ப ஒரே ஒரு வாய்.”

இதைவிட இறங்கி வர ஒரு பொம்பளையால் முடியுமா? எனக்குத் தாங்கவில்லை. அவன் மறுபடியும் அடுத்த மேஜையைப் பார்த்தான்.

“பைத்தியமா உனக்கு? அவர் கை வெச்ச தட்டு அது.”

“ஒரு வாய்.”

“முடியாது. வர்றியா இல்லையா?”

“வரலை” என்றாள் ஷம்சாத். “தலாக்குன்னு ஜமாத்துக்கு எழுதிப் போடுங்க. எனக்குச் சம்மதம்னு நான் சொல்லிருதேன்.”

அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் அழுவாள், பின்னால் ஓடி வருவாள் என்று நினைத்திருப்பான். அவள் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேரரிடம் பில்லைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னான். துரையின் மேஜையருகே போகும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு சிரிப்பைக் கொண்டுவந்து முகத்தில் ஒட்டிக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனான்.

வாப்பா, “என்ன காரியம் பண்ணிட்டே தாயி, என்னால உன் வாழ்வு…” என்று தொடங்கினார்.

“சாப்பிடுங்க வாப்பா. ஆறிப்போவுது.”

விரிப்புக்கு அடியில் கையை விட்டு, அவர் கையைப் பிடித்து வெளியே எடுத்து, தட்டில் அவர் பக்கத்தில் வைத்தாள். துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தன் பக்கத்தில் கை வைத்தாள். நானும் வைத்தேன். பேரர் பெரிய கரண்டிகளோடு வந்து ஒரு நிமிஷம் திகைத்து நின்றான். பிறகு எதையும் கேட்காமல், கை கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சுற்றியிருந்த மேஜைகளில் பேச்சு நின்றுபோயிருந்தது. பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று நான் ஒவ்வொருத்தரையும் முறைத்துக்கொண்டே மென்றேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. வாப்பா தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றார். சஹனில் உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழக் கூடாது.

எங்கள் மூன்று பக்கமும் காலியானது. நாலாவது பக்கம் வைத்தது வைத்தபடி குவிந்து கிடந்தது. வாப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகலாமா என்று நான் ஷம்சாத்தைப் பார்த்தேன்.

அவள் எழவில்லை. குறுக்கே கையை நீட்டி, அவன் பக்கத்தில் கிடந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாப்பா, “ஏட்டி, அது மாப்பிள்ளை பங்கு…” என்றார். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு வாய் இல்லை, இரண்டு வாய் இல்லை, முழுவதையும், தட்டின் வெள்ளை தெரிகிறவரை வழித்துத் தின்று முடித்தாள்.